கழுத்து நெறிக்குப் பரவிவிட்டதா? தைராய்டு புற்றுநோயில் அதன் பொருளே வேறு

‘புற்றுநோய்’ என்ற சொல்லை இப்போது நாம் ஓரளவு வாய்விட்டுச் சொல்லப் பழகிவிட்டோம். அதற்கு அடுத்து வரும் சொல்லைத்தான் இன்னமும் குரலைத் தாழ்த்திச் சொல்கிறோம். “பரவிடுச்சாம்.” அதைக் கேட்டவர் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. எந்த வகைப் புற்றுநோய், எங்கே பரவியது, எவ்வளவு பரவியது என்பதெல்லாம் யாருக்கும் தேவைப்படுவதில்லை. அந்த ஒரு சொல்லோடு எல்லாம் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம்.

வானொலியில் பேசுவது என் தொழில். ஒரு சொல் கேட்பவரின் மனத்தில் என்ன செய்யும் என்று யோசிப்பது அந்த வேலையில் பாதி. அதனால் சொல்கிறேன்: ‘பரவிவிட்டது’ என்ற சொல்லுக்கு எல்லாப் புற்றுநோயிலும் ஒரே எடை கிடையாது. தைராய்டு புற்றுநோயில், அதிலும் பெரும்பாலானவர்களுக்கு வரும் வகையில், கழுத்து நெறிகளுக்கு நோய் போயிருக்கிறது என்றால், அறுவை சிகிச்சை எதுவரை போக வேண்டும் என்பதைத்தான் அது முதலில் சொல்கிறது. உயிர் போகும் என்று அதற்குப் பொருள் இல்லை.

கடந்த ஆண்டு என் அக்காவுக்கு இந்த நோய் வந்தது. எங்கள் குடும்பம் மூன்று வாரம் தூக்கத்தைத் தொலைத்தது நோயால் அல்ல, அந்தச் சொல்லால்.

காதுக்குக் கீழே ஒரு கட்டி

அக்காவுக்கு வயது 41. கிள்ளான் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கழுத்தின் வலப்பக்கம், காதுக்குச் சற்றுக் கீழே, கச்சான் பருப்பு அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. காய்ச்சல் இல்லை. தொண்டைக் கரகரப்பால் நெறி கட்டியிருக்கிறது என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தோம். ஒரு மாதம் கழித்தும் அது கரையவில்லை. இன்னும் கொஞ்சம் கெட்டியாகவும் ஆனது.

ஸ்கேன் எடுத்தார்கள். தைராய்டின் வலப்புறத்தில் 1.8 சென்டிமீட்டரில் ஒரு கட்டி இருந்தது. கையில் தட்டுப்பட்டது அந்தக் கட்டி அல்ல. அது பக்கவாட்டில் இருந்த நெறி. இரண்டிலும் மெல்லிய ஊசி செலுத்தி அணுக்களை எடுத்துச் சோதித்தார்கள். இரண்டிலும் ஒரே முடிவு: பாப்பிலரி வகைத் தைராய்டு புற்றுநோய். தைராய்டு முழுவதையும் எடுக்க வேண்டும், கழுத்தின் நடுவிலும் வலப்பக்கத்திலும் உள்ள நெறிகளையும் நீக்க வேண்டும் என்றார் மருத்துவர்.

அன்றிரவே வீடு நிறைய ஆலோசனை. “கத்தி பட்டா இன்னும் வேகமா பரவும், தொடவே விடாதீங்க” என்றார் பெரியப்பா. மூன்று மாதம் மூலிகை மருந்து சாப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார் இன்னொரு உறவினர். புலனத்தில் வந்த காணொளிகளுக்குக் கணக்கே இல்லை. அத்தான் விடிய விடியக் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தார். அம்மா சாமி அறையை விட்டு வெளியே வரவில்லை.

அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “தம்பி, என் குரல் இருக்குமா?”

அவருக்கும் எனக்கும் சோறு போடுவது குரல்தான். அதனால் அந்தக் கேள்வியின் அளவு எனக்குத் தெரியும். மருத்துவர்களைச் சந்தித்துக் கேட்டும் படித்தும் நான் தெரிந்துகொண்டவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

நெறி என்றால் என்ன?

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். பல்லில் சீழ் வைத்தால் தாடைக்குக் கீழே நெறி கட்டும். நம் பாட்டிமார்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. மருத்துவத்தில் இதை நிணநீர்க் கணு என்கிறார்கள். உடலின் திசுக்களுக்கு இடையே ஊறும் நீர் மெல்லிய குழாய்கள் வழியே வடிந்து மீண்டும் இரத்தத்தில் சேர்கிறது. அந்தப் பாதையில் ஆங்காங்கே இருக்கும் சோதனைச் சாவடிகளே நெறிகள். கிருமியோ கெட்ட அணுவோ வந்தால் அவை பிடித்து நிறுத்தப் பார்க்கும். நம் உடலில் உள்ள நூற்றுக்கணக்கான நெறிகளில் ஏறக்குறைய 300 கழுத்தில் மட்டுமே இருக்கின்றன.

தைராய்டு, தொண்டைக்குக் கீழே மூச்சுக்குழாயின்மேல் பட்டாம்பூச்சி வடிவில் படிந்திருக்கும் சுரப்பி. அதிலிருந்து வடியும் நிணநீர் பொதுவாக முதலில் மூச்சுக்குழாயை ஒட்டிய நடுக்கழுத்து நெறிகளுக்குப் போகும். பிறகு இரத்தக் குழாய்களை ஒட்டிய பக்கவாட்டு நெறிகளுக்குப் போகும். சில நேரங்களில் நடுவைத் தாண்டி நேராகப் பக்கவாட்டுக்கும் போய்விடும். அறுவை மருத்துவர்கள் கழுத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். நடுப்பகுதி 6. பக்கவாட்டில் மேலிருந்து கீழாக 2, 3, 4. பின்புறம் 5. நோய் எந்த எண்ணில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கத்தி எங்கே போகும் என்பது முடிவாகிறது.

ஒரே பெயரில் நான்கு நோய்கள்

தைராய்டு புற்றுநோய் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் முக்கியமாக நான்கு வகை உண்டு. பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு வருவது பாப்பிலரி வகை. பெரும்பாலும் மெதுவாக வளரும். நெறிகளுக்குப் போவது அதன் இயல்பு. நோய் கண்டுபிடிக்கப்படும்போதே ஐந்தில் ஒருவர் முதல் பாதிப்பேர் வரை நெறிகளில் அது தெரிகிறது. நுண்ணோக்கியில் தேடினால் இன்னும் அதிகமானோரிடம் சின்னச் சின்னதாகக் கிடைக்கிறது.

இரண்டாவது ஃபாலிக்குலர் வகை. இது நெறிகளைவிட இரத்தம் வழியாக நுரையீரல், எலும்பு என்று போகக்கூடியது. மூன்றாவது மெடுல்லரி வகை. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் பரம்பரையாக வருவது. இதில் நெறிப் பரவலைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். இரத்த உறவினருக்கும் மரபணுச் சோதனை தேவைப்படலாம். நான்காவது அனாபிளாஸ்டிக். மிக அரிது, மிக வேகமானது, கொடியது.

ஆகவே “பரவியிருக்கிறது” என்று சொன்னதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எந்த வகை?” என்பதுதான். இனி நான் எழுதுவது பெரும்பாலும் பாப்பிலரி வகையைப் பற்றியது.

41 வயது, நெறியில் நோய், ஆனாலும் முதல் நிலை

அக்காவின் அறிக்கையைப் பார்த்து நாங்கள் மூன்றாம் நிலையோ நான்காம் நிலையோ என்று பயந்துகொண்டிருந்தோம். மருத்துவர் சொன்னது முதல் நிலை. அத்தான் இரண்டு முறை திருப்பிக் கேட்டார்.

உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் நிலைப் பட்டியலின் 8ஆம் பதிப்பு 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பாப்பிலரி, ஃபாலிக்குலர் வகைகளில் வயதும் கணக்கில் சேரும். நோயாளி 55 வயதுக்கு உட்பட்டவராக இருந்து, நுரையீரல், எலும்பு போன்ற தொலைவான உறுப்புகளுக்கு நோய் போகாமல் இருந்தால், கழுத்து நெறிகளில் இருந்தாலும் அது முதல் நிலைதான். 55ம் அதற்கு மேலும் என்றால், நெறிப் பரவல் பொதுவாக இரண்டாம் நிலையில் வைக்கப்படும். வேறு பல புற்றுநோய்களில் நெறிக்குப் போனாலே நிலை ஏறிவிடும். இங்கே அப்படி இல்லை.

இதற்குக் காரணம் அனுபவக் கணக்கு. அமெரிக்காவில் தொகுக்கப்படும் புள்ளிவிவரங்களில், பாப்பிலரி வகை கழுத்து நெறிகளுக்குப் பரவிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு 5 ஆண்டு வாழும் வாய்ப்பு ஏறத்தாழ 99 விழுக்காடு. இதை நான் படித்துக் காட்டியபோது அம்மா கேட்டார், “அப்போ எதுக்குப்பா அறுக்கணும்?”

நல்ல கேள்வி.

உயிருக்கு ஆபத்து குறைவு என்றால் எதற்கு அறுவை சிகிச்சை?

நெறிப் பரவல் உயிரை அவ்வளவாக அச்சுறுத்துவதில்லை. ஆனால் நோய் திரும்பி வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. விட்டுவைத்த நெறி ஆண்டுக்கணக்கில் மெதுவாக வளரும். மூச்சுக்குழாய், உணவுக்குழாய், குரல் நரம்பு எல்லாம் நெருக்கியடித்து இருக்கும் இடம் அது. அங்கே அது பெரிதாகி ஒட்டிக்கொண்டால் பிறகு பிரித்தெடுப்பது கடினம். ஒருமுறை அறுத்து ஆறிய இடத்தில் தழும்பு படிந்திருக்கும். அதற்குள் மறுபடியும் கத்தி வைப்பது முதல் முறையைவிட ஆபத்தானது. எனவே முதல் முறையிலேயே சரியான இடம்வரை போய் முழுமையாக எடுப்பதுதான் நோக்கம்.

எல்லா நெறியும் ஒன்றல்ல. ஸ்கேனில் தெரியாத, இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான நோய்த் துணுக்குகள் ஐந்து நெறிகளுக்குள் இருந்தால் திரும்பி வரும் வாய்ப்பு குறைவு. 3 சென்டிமீட்டரைத் தாண்டிய நெறி இருந்தாலோ, நெறியின் உறையைக் கிழித்துக்கொண்டு நோய் வெளியே வந்திருந்தாலோ வாய்ப்பு கூடும். ஆகவே, ‘நெறியில் இருக்கிறதா’ என்பதோடு நிறுத்தாமல், எத்தனை நெறி, எவ்வளவு பெரியது என்றும் கேட்க வேண்டும்.

ஜப்பானின் கோபே நகரில் உள்ள குமா மருத்துவமனையின் அனுபவம் இதை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. 1993 முதல் அங்கே ஒரு சென்டிமீட்டருக்குட்பட்ட சிறிய பாப்பிலரி கட்டிகளை உடனே அறுக்காமல் ஸ்கேன் மூலம் கண்காணித்து வருகிறார்கள். 1,235 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், 10 ஆண்டுகளில் கட்டி வளர்ந்தது 8 விழுக்காட்டினருக்கு. புதிதாக நெறிக்குப் போனது 3.8 விழுக்காட்டினருக்கு. அப்படி மாற்றம் தெரிந்தபோது அறுவை சிகிச்சை செய்தார்கள். ஆனால் இந்தக் காத்திருப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு. நெறியில் நோய் இருப்பது தெரிந்தால் காத்திருப்பு இல்லை, அறுவை சிகிச்சைதான். அக்காவுக்குக் காத்திருக்கும் வழி மூடியது அதனால்தான்.

‘கத்தி பட்டால் பரவும்’ என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு வேறு இடத்தில் நோய் தெரியவரும்போது கத்திமேல் பழி விழுகிறது. பெரும்பாலும் அது ஏற்கெனவே அங்கே இருந்து, கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்தது. பாப்பிலரி வகைக்கு இன்றும் முதல் சிகிச்சை அறுவை சிகிச்சையே. பெரியப்பாவிடம் இதைப் பொறுமையாகச் சொன்னது அக்காதான். “பெரியப்பா, அது உள்ள இருந்தாதான் பரவும். எடுத்துட்டா எப்படிப் பரவும்?” அதற்குமேல் அவர் பேசவில்லை.

அறுப்பதற்கு முன் வரைபடம்

நல்ல தைராய்டு அறுவை சிகிச்சை அறுவைக் கூடத்தில் தொடங்குவதில்லை, ஸ்கேன் அறையில் தொடங்குகிறது. தைராய்டை மட்டும் பார்த்தால் போதாது. கழுத்து முழுவதையும், இரு பக்கத்து நெறிகளையும் பார்த்து வரைபடம்போல் குறித்துக்கொள்ள வேண்டும். சாதாரண நெறி அவரை விதை வடிவில் இருக்கும். நோய் புகுந்த நெறி உருண்டையாகும். நடுவில் தெரியும் வெண்ணிறக் கொழுப்புக் கோடு மறையும். உள்ளே சுண்ணாம்புப் புள்ளிகளோ நீர்க்கட்டியோ தெரியும். சந்தேகமான நெறியில் ஊசிச் சோதனை செய்வார்கள். ஊசியைக் கழுவிய நீரில் தைரோகுளோபுலின் என்ற புரதத்தையும் தேடுவார்கள். அது தைராய்டு அணுக்கள் மட்டுமே உண்டாக்கும் புரதம். பக்கவாட்டு நெறியில் அதற்கு வேலையே இல்லை. இருந்தால், தைராய்டு அணுக்கள் அங்கே குடிபோயிருக்கின்றன என்று பொருள்.

பக்கவாட்டு நெறிகளைச் சந்தேகத்தின்பேரில் மட்டும் நீக்குவதில்லை. நோய் உறுதியானால்தான் நீக்குவார்கள். நீக்கும்போது வீங்கிய ஒன்றிரண்டை மட்டும் பொறுக்கி எடுப்பதும் சரியான முறையல்ல. ஒரு பகுதியில் நோய் இருந்தால் அந்தப் பகுதியின் நெறிகளைச் சுற்றியுள்ள கொழுப்போடு சேர்த்து மொத்தமாக எடுக்கிறார்கள். வீங்கியதற்குப் பக்கத்தில், வீங்காமலே நோயை வைத்துக்கொண்டிருக்கும் நெறிகள் இருக்கக்கூடும் என்பதே காரணம்.

‘மொத்தமாக’ என்றதும் பயப்பட வேண்டாம். அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல் 1906இல் விவரித்த முறையில் நெறிகளோடு கழுத்தின் பெரிய தசை, பெரிய சிரை, தோளை இயக்கும் நரம்பு எல்லாமே போய்விடும். நோயாளியின் கழுத்து குழிவிழும், தோள் தொங்கும். இன்று அந்த மூன்றையும் காப்பாற்றிக்கொண்டு நெறிகளை மட்டும் நீக்கும் முறையே தைராய்டு புற்றுநோய்க்கு வழக்கம்.

குரலைக் காக்கும் நூலிழை

அக்காவின் கேள்விக்கு வருகிறேன்.

குரல்நாண்களை இயக்கும் நரம்பு மூளையிலிருந்து நேராகத் தொண்டைக்கு வருவதில்லை. நெஞ்சுப் பக்கம் இறங்கி, இடப்பக்கத்தில் இதயத்திலிருந்து புறப்படும் பெரிய தமனியின் அடியிலும், வலப்பக்கத்தில் தோளுக்குப் போகும் தமனியின் அடியிலும் வளைந்து, மறுபடி மேலேறுகிறது. ஏறும் வழி மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலுள்ள பள்ளம். நடுக்கழுத்து நெறிகள் இருப்பதும் அதே பள்ளத்தில்தான். நூல்போன்ற அந்த நரம்பைக் கண்டுபிடித்து, அதன் நெடுகிலும் உள்ள நெறிகளை உரித்தெடுப்பதுதான் அறுவை மருத்துவரின் கைத்திறன்.

ஒரு பக்க நரம்பு பாதிக்கப்பட்டால் குரல் காற்றாகப் போகும், கரகரக்கும், தண்ணீர் குடித்தால் புரையேறும். இரு பக்கமும் பாதிக்கப்பட்டால் மூச்சே சிரமமாகும். அனுபவமுள்ளவர் கையில் நிரந்தரப் பாதிப்பு 100 பேரில் ஓரிருவருக்கு வரலாம். தற்காலிகப் பாதிப்பு அதைவிட அதிகம். அது பெரும்பாலும் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும். உச்சக் குரலுக்கு உதவும் இன்னொரு மெல்லிய நரம்பும் தைராய்டின் மேல்முனையில் ஓடுகிறது. பாடகர்கள், ஆசிரியர்கள், என்னைப்போலப் பேசிப் பிழைப்பவர்கள் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. அறுவைக்கு முன் சிறு குழாய்க் கேமரா மூலம் குரல்நாண்கள் அசைகின்றனவா என்று பார்க்கவும் கேட்கலாம்.

தென் கொரிய ஓப்பரா பாடகர் பே ஜே-சோல் கதையை இந்த இடத்தில் சொல்லவேண்டும். ஜெர்மனியில் மேடைகளில் பாடிக்கொண்டிருந்தவருக்கு 2005இல் தைராய்டு புற்றுநோய். அறுவை சிகிச்சையில் ஒரு பக்கக் குரல்நாணின் நரம்பும், மூச்சுக்கு உதவும் உதரவிதான நரம்பும் பாதிக்கப்பட்டன. நோய் போனது, குரலும் போனது. 2006இல் ஜப்பானின் கியோட்டோவில் குரல் அறுவை சிகிச்சையின் முன்னோடியான நொபுஹிக்கோ இஷிக்கி அவருக்குச் சிகிச்சை செய்தார். குரல்நாணைச் சுற்றியுள்ள குருத்தெலும்பைத் திருத்தி, செயலிழந்த நாணை நடுவுக்கு நகர்த்தும் முறை அது. நோயாளியை மயக்காமல், குரல் கொடுக்கச் சொல்லி, கேட்டுக்கேட்டே சரிசெய்வார்கள். பே மீண்டும் மேடை ஏறினார். பழைய குரல் முழுமையாக வரவில்லை, ஆனாலும் பாடினார். அவர் வாழ்க்கை 2014இல் திரைப்படமாகவும் வந்தது.

இதை அக்காவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னேன். “அப்போ குரல் போனாலும் அதோட முடிஞ்சுடலைன்னு சொல்ற” என்றார். மறுநாள் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

அரிசி மணிகளும் பால்போன்ற நீரும்

அறுவை சிகிச்சை ஏறத்தாழ ஐந்து மணி நேரம். 34 நெறிகள் நீக்கப்பட்டன. ஆறில் நோய் இருந்தது. விழித்ததும் அக்கா பேசிய முதல் வார்த்தை “தண்ணி”. கரகரத்த குரல், ஆனாலும் குரல். வெளியே நின்ற அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் மாலை உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்றார். இரத்தத்தில் கால்சியம் இறங்கியதன் அறிகுறி அது. தைராய்டின் பின்புறம் பொதுவாக நான்கு சிறு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றும் அரிசி மணி அளவு. கால்சியத்தைக் கட்டுப்படுத்துவது அவைதான். நடுக்கழுத்து நெறிகளை நீக்கும்போது அவற்றுக்குப் போகும் இரத்த ஓட்டம் கலைந்துவிடலாம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். சிலருக்கு வாழ்நாள் முழுதும் கால்சியமும் வைட்டமின் டி மாத்திரையும் தேவைப்படும். அக்காவுக்கு ஆறு வாரத்தில் நின்றது. இந்த அறிகுறி தெரிந்தால் காலைவரை காத்திருக்காமல் உடனே தாதியரிடம் சொல்லிவிட வேண்டும்.

கழுத்தில் வைத்த வடிகுழாயை மருத்துவர் தினமும் பார்த்தார். சாப்பிட்ட பிறகு அதில் பால்போல் வெள்ளையாக நீர் வந்தால், கொழுப்பைச் சுமந்து செல்லும் நிணநீர்க் குழாய் கசிகிறது என்று பொருளாம். இடப்பக்க அறுவையில் இது கூடுதலாக நடக்கக்கூடியது. கொழுப்பில்லாத உணவு கொடுத்துப் பெரும்பாலும் அடக்கிவிடுவார்கள். அக்காவுக்கு அது வரவில்லை. தோள்தான் சிறிது காலம் படுத்தியது. கரும்பலகையின் உச்சியில் எழுதக் கையைத் தூக்க முடியவில்லை. நரம்பைக் காப்பாற்றினாலும் அதைத் தொட்டு நகர்த்தியதால் வரும் சோர்வு அது. உடற்பயிற்சி சிகிச்சையில் மூன்று மாதத்தில் கை முழுதாக உயர்ந்தது.

நெத்திலி இல்லாத இரண்டு வாரம்

தைராய்டு அணுக்களுக்கு அயோடின்மேல் தீராத ஆசை. அந்த ஆசையைப் பயன்படுத்திக்கொள்வதுதான் கதிரியக்க அயோடின் சிகிச்சை. மாத்திரையாக விழுங்கும் அயோடின், மிச்சமிருக்கும் தைராய்டு அணுக்களைத் தேடிப்போய் உள்ளே புகுந்து அழிக்கிறது. எல்லாருக்கும் இது தேவையில்லை. நெறிகளில் கணிசமாக நோய் இருந்தவர்களுக்குப் பரிந்துரைப்பார்கள். மெடுல்லரி வகைக்கு இது பயன்படாது.

அதற்கு முன் ஓரிரு வாரம் அயோடின் குறைந்த உணவு. நெத்திலி, கடல் மீன், இறால், கடற்பாசி, அயோடின் உப்பு, பால், முட்டை மஞ்சள் கரு கூடாது. நெத்திலிச் சம்பல் இல்லாமல் நாசி லெமாக் என்ன நாசி லெமாக் என்று அக்கா அலுத்துக்கொண்டார். மாத்திரை விழுங்கியபின் தனி அறையில் சில நாள். வீட்டுக்கு வந்தபிறகும் குழந்தைகளிடமிருந்து சில நாள் விலகி இருக்க வேண்டும். ஆறு வயது மகள் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதை சொன்னாள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் இந்தச் சிகிச்சை கூடாது. சிகிச்சை பெற்ற பெண்கள் குறைந்தது ஆறு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் வருகிறது. அதனால் இளம் தம்பதிகள் இதை முன்பே பேசிக்கொள்வது நல்லது.

தைராய்டை முழுதாக எடுத்தவர்களுக்கு வாழ்நாள் மாத்திரை உண்டு. சுவிட்சர்லாந்தின் தியோடோர் கோச்சர், சுரப்பியை முழுதாக இழந்தவர்கள் நாளடைவில் மந்தமாகிப் போவதை 1883இல் எடுத்துச் சொன்னார். தைராய்டு ஆய்வுக்காக 1909இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அந்த ஹார்மோன் இன்று தினம் ஒரு மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில், உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். பிறகு இரத்தத்தில் தைரோகுளோபுலின் அளவும் கழுத்து ஸ்கேனும் ஆண்டுக்கணக்கில் தொடரும். நோய் பல ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடியது என்பதால் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று சோதனைக்குப் போகாமல் விடக்கூடாது.

இதைப் படித்துவிட்டு ஸ்கேனுக்கு ஓட வேண்டாம்

தென் கொரியாவில் எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கும் கழுத்து ஸ்கேன் எடுக்கும் பழக்கம் பரவியபோது, 1993க்கும் 2011க்கும் இடையே கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு புற்றுநோய் 15 மடங்கு பெருகியது. இறப்பு எண்ணிக்கை மாறவில்லை. வாழ்நாள் முழுதும் தொல்லை தராமல் இருந்திருக்கக்கூடிய சின்னக் கட்டிகளுக்காகப் பலர் கத்தியின் கீழ் படுத்தார்கள். அறிகுறி இல்லாதவர்களுக்கு ஸ்கேன் தேவையில்லை என்பதே பொதுவான மருத்துவப் பரிந்துரை. ஆனால் கழுத்தில் சில வாரங்களாகக் கரையாத, வலியில்லாத கட்டி, காரணமில்லாத குரல் மாற்றம், விழுங்கச் சிரமம், குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய், இவற்றில் ஒன்று இருந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

நோய் உறுதியாகிவிட்டால், மருத்துவரிடம் இந்தக் கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள்:

1. எந்த வகைத் தைராய்டு புற்றுநோய்?
2. கழுத்தின் இரு பக்க நெறிகளையும் ஸ்கேனில் பார்த்தீர்களா? எந்தப் பகுதிகளில் நோய் இருக்கிறது?
3. சந்தேகமான நெறியில் ஊசிச் சோதனை செய்தாயிற்றா?
4. தைராய்டு முழுவதும் போகுமா, பாதி போதுமா? எந்த நெறிகளை நீக்குவீர்கள், ஏன்?
5. இந்த அறுவை சிகிச்சையை ஆண்டுக்கு எத்தனை முறை செய்கிறீர்கள்?
6. என் குரல்நாண்களை முன்னும் பின்னும் சோதிப்பீர்களா?
7. கதிரியக்க அயோடின் எனக்குத் தேவைப்படுமா?

ஐந்தாவது கேள்வியைக் கேட்க நம்மவர்கள் கூச்சப்படுகிறோம். கேட்கலாம். இந்த அறுவை சிகிச்சையை அடிக்கடி செய்யும் கைகளில் சிக்கல்கள் குறைவு. நம் நாட்டில் மார்பகம், அகச்சுரப்பி அறுவை சிகிச்சை தனித் துறையாகவே இருக்கிறது. புத்ராஜெயா மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் அதற்கான பிரிவுகள் உண்டு. பரிந்துரைக் கடிதம் கேட்டுப் பெறுங்கள்.

அக்கா நான்காவது மாதம் வகுப்புக்குத் திரும்பினார். முதல் வாரம் ஒலிவாங்கியோடு, இரண்டாவது வாரம் இல்லாமல். உச்சக் குரல் இன்னும் முழுமையாக எட்டவில்லை. பள்ளிச் சபைகூடலில் தமிழ் வாழ்த்துப் பாடும்போது ஒரு படி கீழே இறங்கிப் பாடுகிறாராம். போன வாரம் பெரியப்பா அவரை அழைத்துப் பேசினார். தெரிந்தவர் ஒருவருக்குக் கழுத்தில் கட்டியாம், பரவிடுச்சாம் என்றார். அக்கா கேட்டது இதுதான்: “எந்த வகை, பெரியப்பா? எங்க பரவியிருக்கு?”